நோவு எப்போது வருகிறது என்று கேட்டார்கள்

வன்னியில் நாரி நோவு இல்லாத வீட்டைக் காண்பது அரிது. வயல், தோட்டம், தண்ணீர்க் குடம், விறகு, இவற்றுக்கு மேல் யுத்தம் உடம்பில் விட்டுச் சென்ற இரும்பு. அதனால் முதுகு நோகிறது என்று ஒருவர் சொன்னால் யாரும் திடுக்கிடுவதில்லை. சித்தாலேப தடவு, நொச்சி இலை அவித்து ஒத்தடம் கொடு, பலகையில் படு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பெரும்பாலான முதுகு நோவுக்கு அதுவே போதும் என்பதும் உண்மைதான். ஆனால் முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவருக்குப் புதிதாக முதுகு நோகத் தொடங்கினால் அதை வேறு கணக்கில் வைக்க வேண்டும். எங்கள் பக்கத்து மக்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே அம்மாவுக்கு நடந்ததை அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அறுபது கடந்துவிட்டது. ஒட்டுசுட்டானுக்கு அப்பால், முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீர் பாயும் பக்கத்தில் எங்கள் காணி இருக்கிறது. நெல்லும் கச்சானும் போடுகிறோம். மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை, மருந்து, கதிர்ச் சிகிச்சை எல்லாம் முடிந்து சில ஆண்டுகள் ஓடியிருந்தன. 2009 இல் இறுதி யுத்தத்தின்போது மாத்தளனில் பட்ட எறிகணைத் துண்டு (செல் துண்டு) ஒன்று அவருடைய இடது தோள்பட்டைக்குக் கீழே இன்றும் இருக்கிறது. கச்சான் பிடுங்கும் காலத்தில் விலா எலும்புகள் முடியும் இடத்துக்கு நேரே முதுகில் நோவு தொடங்கியபோது ஊரார் இரண்டு காரணங்களையே சொன்னார்கள். குனிந்து வேலை செய்தது ஒன்று, பழைய துண்டு மற்றொன்று. பட்டணத்து மருந்தகம் ஒன்றில் பார்த்தவரும் துண்டு அசைந்திருக்கும் என்று சொல்லி நோவுக் குளிசை கொடுத்து அனுப்பினார். அம்மாவின் சிகிச்சை விபரம் எழுதிய கிளினிக் கொப்பி மேசையில் அவர் முன்னாலேயே கிடந்தது. அவர் அதைத் திறக்கவில்லை.

அந்தக் குளிசை பகலில் கொஞ்சம் கேட்டது, இரவில் கேட்கவில்லை. வேலை செய்து வந்த நோவு படுத்தால் ஆறும். அம்மாவுக்கோ படுத்த பிறகுதான் உள்ளே குடைந்தது. வாரத்துக்கு வாரம் கூடியது. மார்பகம், ஆண்களின் புரொஸ்டேட் சுரப்பி, நுரையீரல், சிறுநீரகம், தைரொயிட் ஆகிய இடங்களில் தொடங்கும் புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவுவதில் முன்னால் நிற்பவை. எலும்புகளிலும் முள்ளந்தண்டிலேயே அவை அதிகம் போய்த் தங்குகின்றன. ஆரம்பச் சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் இது நடக்கலாம். ஆகவே அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் அம்மாவை யாழ்ப்பாணத்தில் உள்ள தெல்லிப்பழை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனோம். 2011 இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நாட்டின் நெடுக நடந்து திரட்டிய பணத்தை வைத்து அங்கே புற்றுநோய்ப் பிரிவுக்குக் கட்டடம் எழுப்பியதை இந்தப் பக்கத்தில் பலர் அறிவார்கள். கொழும்புக்கு அருகே மகரகம புற்றுநோய் வைத்தியசாலை வரை போக வேண்டியிருந்த எத்தனையோ வன்னிக் குடும்பங்களின் சுமையை அந்த இடம் குறைத்திருக்கிறது.

எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அதைக் கண்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது என்று அங்கேயே சொன்னார்கள். எலும்பின் கணிசமான பகுதி கரைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய வரும். எம்.ஆர்.ஐ. ஸ்கான் வேண்டும் என்றார்கள்.

செல் துண்டின் விடயம் இங்கேதான் வருகிறது. வன்னியில் பலருக்கு இது பொருந்தும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். எம்.ஆர்.ஐ. இயந்திரம் மிக வலிய காந்தம். இரும்பு கலந்த துண்டு உடம்பில் இருந்தால் காந்தம் அதை இழுக்கலாம், துண்டு சூடாகலாம், படமும் அந்த இடத்தில் கெட்டுப்போகும். கண்ணுக்குள், மூளையில், முண்ணாணுக்கு (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டு) அருகில், பெரிய இரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் துண்டு இருப்பதே பெரிய ஆபத்து. அதற்காக, துண்டு இருக்கிற எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. மறுக்கப்படும் என்று நினைக்கத் தேவையில்லை. சதைக்குள் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும் துண்டுகளோடு, முதலில் எக்ஸ்ரே எடுத்து இடம் பார்த்து, பாதுகாப்பாகச் செய்துவிடுவதும் உண்டு. முடியாவிட்டால் சி.ரி. ஸ்கான் இருக்கிறது. எதையும் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் எங்கள் பொறுப்பு. காயப்பட்ட விதத்தைச் சொன்னால் தேவையில்லாத கேள்வி வரும் என்று அஞ்சிச் சிலர் வாய் திறப்பதில்லை என்பதை நான் அறிவேன். ஸ்கான் அறையில் அந்த மௌனம் உயிருக்கே ஆபத்தாகலாம். எப்படிப் பட்டது என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. எங்கே இருக்கிறது என்றுதான் கேட்பார்கள்.

அம்மாவுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எம்.ஆர்.ஐ. செய்தார்கள். நெஞ்சுப் பகுதி முள்ளெலும்புகளில் கடைசியான பன்னிரண்டாவதில் நோய் இருந்தது. எலும்பு சற்று அமுங்கியும் இருந்தது. முண்ணாண் நசியவில்லை. செல் துண்டு எட்ட, தன் பாட்டில் கிடந்தது.

முதலில் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். எலும்பு நோவுக்கு 8 கிரே (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு) அளவை ஒரே தடவையில் கொடுப்பது பல நாள் பிரித்துக் கொடுப்பதற்குச் சமமாக நோவைக் குறைக்கும் என்பது நன்றாக நிறுவப்பட்ட விடயம். பின்னர் மறுபடி கொடுக்க வேண்டி வரும் வாய்ப்பு மட்டும் ஒரே தடவை முறையில் சற்றுக் கூடுதல். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு இந்த முறை பெரும் ஆறுதல் என்பதால், பஸ் ஏறி இறங்க முடியாத நோயாளி இருந்தால் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதல் சில நாட்களில் நோவு கூடித்தான் குறையலாம். முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அம்மாவின் இரவு நோவு மெல்ல மெல்ல விலகியது. அவர் தூங்கினார். வீட்டில் எல்லோரும் தூங்கினோம்.

ஆனால் எழும்பும்போது வரும் நோவு போகவில்லை.

கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் பத்துக்கு எத்தனை நோவு என்று கேட்பார்கள். அம்மா ஒவ்வொரு முறையும் மூன்று என்பார். "பரவாயில்லை ஐயா, தாங்கலாம்" என்றும் சேர்த்துச் சொல்வார். கதிரையில் அசையாமல் இருக்கும்போது அது உண்மைதான். ஆனால் காலையில் அவர் பாயை விட்டு எழும்புவதை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பக்கவாட்டில் புரள்வார், அந்தப் புரளலிலேயே மூச்சு நின்றுவிடும். பிறகு முழங்காலில் நின்று குசினி அரைச்சுவரைப் பிடிப்பார். பிடித்த கை நடுங்கும், கீழுதடு பல்லுக்குள் போய்விடும். நிமிர்ந்து நின்றதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளை, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வை" என்பார். எங்கள் தாய்மார் பங்கருக்குள் காயத்தோடு இருந்து பழகியவர்கள். நோவைச் சொல்வது அடுத்தவருக்குப் பாரம் கொடுப்பது என்று அவர்கள் மனத்தில் ஊறியிருக்கிறது. அந்தப் பொறுமையால்தான் நாங்கள் உயிரோடு வந்து சேர்ந்தோம். அதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் வைத்தியருக்கு முன்னால் அந்தப் பொறுமை நோயை மூடி மறைக்கிறது.

நான் ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினேன். எவ்வளவு நோகிறது என்பதைக் கடைசியில் போட்டேன். நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், என்ன செய்ததும் குறைந்தது, எந்தக் குளிசை எத்தனை மணிக்கு, இவைதான் முதலில். அடுத்த கிளினிக்கில் அதைக் கொடுத்தபோது வைத்தியர் குளிசைப் பக்கத்தை விட்டுவிட்டு இரண்டாவது நிரலையே மேலிருந்து கீழாக வாசித்தார். புரளும்போது, எழும்பும்போது, நிற்கும்போது, வாளி தூக்கும்போது. குறைவது படுத்ததும். பிறகு அவர் சொன்ன விளக்கந்தான் எங்கள் வழியை மாற்றியது.

முள்ளந்தண்டுப் புற்றில் இரண்டு வகை நோவு இருக்கிறது. ஒன்று நோய் எலும்புக்குள் வளர்வதால் வருவது. அது இரவில் குடையும், படுத்தாலும் விடாது. கதிர்ச் சிகிச்சையும் ஸ்டிரொயிட் மருந்தும் அதற்குக் கேட்கும். மற்றது, கரைந்த எலும்பு உடம்பின் பாரத்தைத் தாங்க முடியாமல் அமுங்குவதால் வருவது. அசைந்தால் நோகும், படுத்தால் ஆறும். கதிர் புற்றுக் கலத்தைக் கொல்லுமே தவிர, நொறுங்கிய எலும்பைத் தூக்கி நிறுத்தாது. அம்மாவின் முதல் நோவு தீர்ந்துவிட்டது, இரண்டாவது அப்படியே இருக்கிறது என்றார்.

முள்ளந்தண்டு உறுதியாக இருக்கிறதா என்று கணிக்க 2010 இல் ஒரு புள்ளி முறையை வெளியிட்டிருக்கிறார்கள். நோய் இருக்கும் இடம், எலும்பு கரைந்ததா இறுகியதா, எவ்வளவு அமுங்கியது, வரிசை கோணியதா, பின்புற மூட்டுகள் கெட்டனவா, நோவு எப்படிப்பட்டது என்று ஆறு விடயங்களுக்கு மொத்தம் 18 புள்ளிகள். 7 அல்லது அதற்கு மேல் வந்தால் முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் பார்க்க வேண்டும். 13 இலிருந்து உறுதி கெட்டுவிட்டது என்று பொருள். மற்ற ஐந்தையும் ஸ்கான் படத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆறாவது நோயாளியின் வாயிலிருந்துதான் வர வேண்டும். அசையும்போது நோகிறது என்பதற்கு மட்டும் 3 புள்ளிகள். அம்மா பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்திருந்தால் அந்த 3 புள்ளிகளும் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

எங்களைக் கொழும்பில் உள்ள ஒரு வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். பெரிய வெட்டு இல்லாமல், படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்தி எலும்புக்குள் மருத்துவச் சீமெந்து நிரப்பும் சிகிச்சை. 1984 இல் பிரான்சின் அமியான் நகரில் முதன்முதலாகச் செய்த முறை இது. முறிந்த எலும்புக்குள் முதலில் பலூனை ஊதி இடம் உண்டாக்கி, அதற்குள் சீமெந்து விடுவதும் உண்டு. நோய் இன்னும் தீவிரமாக இருக்கிற எலும்பென்றால், சீமெந்துக்கு முன்னர் ஊசி வழியே மின்முனையைச் செலுத்திச் சூட்டால் கட்டியைக் கருக்குவார்கள், அல்லது உறையவைத்து அழிப்பார்கள். உறையும்போது உண்டாகும் பனிக்கட்டியை சி.ரி. படத்தில் நேரே பார்க்கலாம். அதனால் நரம்பைத் தொடாமல் நிறுத்த முடிகிறது. அம்மாவுக்குக் கதிரால் நோய் அடங்கியிருந்தது, சீமெந்து மட்டும் போதும் என்று முடிவானது.

பயணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மாங்குளத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். ஏ-9 வீதி நல்ல வீதி. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து அதற்குப் போய்ச் சேரும் கிரவல் பாதையின் ஒவ்வொரு கிடங்கும் அமுங்கிய எலும்பில் இடிக்கும். வான் ஒன்றைப் பிடித்து, பின் ஆசனங்களைக் கழற்றி மெத்தை போட்டோம். தெல்லிப்பழைத் தாதி ஒருவர் தூக்கும் முறையைக் காட்டித் தந்திருந்தார். தோளையும் இடுப்பையும் முழங்காலையும் ஒரே நேரத்தில், முதுகு முறுகாமல், மரக்குற்றியைப் புரட்டுவதுபோல் முழு உடம்பையும் ஒன்றாகத் திருப்ப வேண்டும். கக்கத்துக்குள் கையை விட்டு இழுத்துத் தூக்கவே கூடாது. அன்புள்ள மருமக்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் செய்ய வருவார்கள். யார் எங்கே பிடிப்பது என்று வீட்டிலேயே ஒரு முறை செய்து பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். ஸ்கான் அறிக்கையோடு மட்டும் நின்றுவிடாமல் சீடிகளையும் கையில் கொண்டு போங்கள். முதல் சத்திரசிகிச்சையின் திசுப் பரிசோதனை அறிக்கையையும் கேட்பார்கள்.

அங்கே இரத்தம் உறையும் தன்மையைச் சோதித்தார்கள். இருதயத்துக்காக அஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்பரின் போன்றவற்றைக் குடிப்பவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். தாங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் இருக்கவும் கூடாது. உடம்பில் கிருமித்தொற்று இருந்தால் இந்தச் சிகிச்சையை ஒத்திப்போடுவார்கள். சம்மதப் படிவம் வந்தபோது தமிழில் விளக்கும்படி கேட்டேன். ஹற்றன் பக்கத்தைச் சேர்ந்த தாதி ஒருவர் பொறுமையாக இருந்து வரி வரியாகச் சொன்னார். சீமெந்து கசிந்து நரம்பை அழுத்தலாம், இரத்தக் குழாய் வழியே நுரையீரலுக்குப் போகலாம், தொற்று ஏற்படலாம், அடுத்த எலும்பு பின்னர் முறியலாம். பாரதூரமானவை அரிது, ஆனாலும் நடக்கக்கூடியவை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது புற்றைச் சுகமாக்குமா?" என்று கேட்டார். "இல்லை அம்மா, எலும்பைத்தான் தாங்கும். நீங்கள் எழும்பி நடக்கலாம்" என்றார் அந்தப் பிள்ளை. அம்மா கையெழுத்து வைத்தார். நேரான பதில் கிடைத்ததை அவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்.

அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது என்பதால் ஈயக் கண்ணாடிக்கு இப்பால் ஒலிவாங்கிக்கு அருகே என்னை நிற்க விட்டார்கள். அம்மா குப்புறப் படுத்திருந்தார். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் கீழே தலையணைகள். இடத்தை மட்டும் விறைக்கச் செய்து, மயக்கத்துக்கு இலேசான மருந்து கொடுத்திருந்தார்கள். முழு மயக்கம் இல்லை. வளைந்த எக்ஸ்ரே இயந்திரம் மேலும் கீழுமாக முதுகைச் சூழ்ந்து நின்றது. திரையில் முள்ளெலும்பு ஒவ்வொன்றும் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. ஊசி ஒரு கருங்கோடாக உள்ளே இறங்கியது. எலும்பைத் தொட்டதும் வைத்தியர் சிறு சுத்தியலால் அதன் தலையில் மெல்லத் தட்டினார். தட்டுவதும் படம் பார்ப்பதுமாக நேரம் போனது. இடையிடையே வைத்தியர் ஆங்கிலத்தில் சொல்ல, "அம்மா, கால் விரலை அசையுங்கள்" என்று நான் சொல்வேன். போர்வைக்கு வெளியே பாதங்கள் அசையும். அதைப் பார்த்துவிட்டு அவர் மறுபடி தட்டுவார்.

சீமெந்துக்கான பொடியையும் திரவத்தையும் கலந்து, பதம் வரும்வரை காத்திருந்தார்கள். படத்தில் தெரிவதற்காக அதில் பேரியம் சேர்த்திருக்கிறது. உள்ளே விட்டபோது எலும்புக்குள் அது கறுப்பாகப் பரவுவது தெரிந்தது. கொஞ்சம் விட்டு, படம் பார்த்து, மறுபடி கொஞ்சம். மொத்தமே சில மில்லிலீற்றர்தான். எலும்பின் பின்பக்கத்தை நெருங்கியதும் நிறுத்திவிட்டார். அதற்கு அப்பால்தான் முண்ணாண். மேலேயுள்ள இடைத்தட்டுக்குள் துளி கசிந்திருந்ததைத் திரையில் தொட்டுக் காட்டி, இது அடிக்கடி நடப்பது, தொந்தரவு செய்யாது என்றார். மறைக்காமல் காட்டியது எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது. சற்று நேரத்தில் சீமெந்து இறுகிவிட்டது. தோலில் மிஞ்சியது பிளாஸ்டர் ஒட்டும் அளவு துளைகள்தான்.

ஓரிரு மணி நேரம் மல்லாந்து படுத்திருக்கச் சொன்னார்கள். மாலையில் பிடித்து இருத்தினார்கள். அடுத்த நாள் காலையில் அம்மா கழிவறைக்குத் தானே நடந்து போனார். நோவு ஒரேயடியாகப் போய்விட்டதா என்றால் இல்லை. ஊசி இறங்கிய இடம் சில நாள் கன்றியிருந்தது, நீண்ட நேரம் நின்றால் இப்போதும் உளைவு இருக்கிறது. எல்லோருக்கும் இவ்வளவு கேட்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அரைச்சுவரைப் பிடிக்காமல் எழும்புகிறார். கொப்பியில் இரண்டாவது நிரல் சுருங்கிவிட்டது.

மோர்பின் பற்றி எங்களிடையே உள்ள பயத்தையும் பேச வேண்டும். அதைக் கொடுத்தால் ஆள் முடிந்துவிட்டார் என்று பொருள் கொள்கிறார்கள். சிகிச்சைக்குத் திகதி கிடைக்கும்வரை அம்மாவைத் தாங்கியது அந்தக் குளிசைதான். வைத்தியர் சொன்ன அளவில் நோவுக்குக் குடிப்பவர் அதற்கு அடிமையாகிவிடுவார் என்ற அச்சம் பெரும்பாலும் வீண். மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும். முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள், பப்பாசிப் பழத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். நோவு குறைந்துவிட்டது என்று மோர்பினைத் திடீரென நிறுத்தவும் கூடாது, வைத்தியர் படிப்படியாகக் குறைப்பார். எலும்பைப் பலப்படுத்த சோலெட்ரோனிக் அமிலம் ஊசியாக ஏற்றுகிறார்கள். அதற்கு முன் பல் வைத்தியரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பல் இருந்தால் பிடுங்கி ஆறவிட வேண்டும். ஊசி தொடங்கிய பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து இருக்கிறது. சிறுநீரகப் பரிசோதனையும் அவசியம்.

அம்மாவுக்குப் புற்று இன்னும் இருக்கிறது, மருந்து தொடர்கிறது, வேறொரு முள்ளெலும்பில் நாளைக்கு வரவும் கூடும். அதனால் அவசர அறிகுறிகளை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். கால் சோர்வது, நடக்கத் தள்ளாடுவது, நெஞ்சையோ வயிற்றையோ சுற்றி இறுக்கிக் கட்டியதுபோல் நோவு, உட்காரும்போது நிலத்தில் படும் பகுதியில் உணர்ச்சி இல்லாமை, சிறுநீர் போகாமல் அடைப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. முண்ணாண் நசிகிறது என்று பொருள். நடக்க முடிகிற நிலையில் சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலும் நடை காப்பாற்றப்படும். கால் முற்றாக விழுந்த பிறகு அதை மீட்பது மிகக் கடினம். அந்நேரம் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். "புற்றுநோய் உள்ளவர், முள்ளந்தண்டில் இருக்கிறது, கால் சோர்கிறது" என்று அந்த ஒழுங்கில் சொல்ல என் தம்பியின் பத்து வயது மகளுக்கும் தெரியும். எங்கள் வீட்டுப் பாதை மாரியில் தண்ணீருக்குள் போய்விடும், அம்புலன்ஸ் உள்ளே வராது. எந்த வீட்டு உழவு இயந்திரத்தைக் கேட்பது, பெட்டியில் எந்தப் பலகையைப் போட்டு அம்மாவைக் கிடத்துவது, தார் வீதியில் எந்தச் சந்தியில் ஏற்றிவிடுவது என்பதை ஐப்பசிக்கு முன்பே அயலவர்களோடு பேசி வைத்துவிட்டோம்.